காலியாகக் கிடந்த முன்சீட்டு

பள்ளிக்கூட டிரிப் எடுக்கிற தம்பிமாருக்கும், அவர்களில் ஒருவனாக இப்போது என் ஜீப்பையே ஓட்டுகிற என் மகனுக்கும் இதை எழுதுகிறேன்.

ஸ்டாண்டில் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் என்னிடம் கேட்பது பிரேக் போன கதை, ஆனை மறித்த கதை, மண் சரிந்து ரோடே காணாமல் போன கதை. மாட்டுப்பட்டிக்கு மேலே இருபத்தேழு வருஷம் ஜீப் ஓட்டியவனிடம் அதெல்லாம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பிரேக் போனால் என்ன செய்வது என்று உங்கள் காலுக்கே தெரியும். அதை நான் எழுத வேண்டியதில்லை. அத்தனை வருஷத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த என் கை நடுங்கியது ஒரே ஒரு காலையில்தான். அன்று ரோட்டில் ஆனை இல்லை. மூடுபனி இல்லை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டது. அவ்வளவுதான்.

நான் ஏழாம் கிளாஸோடு நின்றவன். எழுத்தில் இருந்த பிழைகளை என் மகள் மெர்சி திருத்திவிட்டாள். விஷயத்தில் உள்ள பிழை என்னுடையது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என்னுடைய டிரிப் உங்களுக்குத் தெரிந்த ரூட்தான். காலையில் வண்டி காலியாக மேலே போகும். ரோடு முடிகிற இடத்தில், காட்டுக்குள் இருக்கும் ஆதிவாசிக் குடியிலிருந்து ஐந்து பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கினால் அடுத்தது எஸ்டேட் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். அங்கே ஸ்டோர் கீப்பரின் மகள் அனு ஏறுவாள், நாலாம் கிளாஸ். அதற்கும் கீழே லயங்கள், தோட்டத்து வரிசை வீடுகள். அங்கே தொழிலாளிகளின் பிள்ளைகள் ஏறுவார்கள். என் மகள் மெர்சியும் அங்கேதான் ஏறுவாள். பிறகு நேரே பள்ளிக்கூடம்.

குடிப் பிள்ளைகளில் பெரியவள் மல்லிகா. மெர்சியோடு பிளஸ் ஒன்னில் ஒரே கிளாஸ். அந்தக் குடியில் பத்தாவது தாண்டிய முதல் பெண் பிள்ளை அவள்தான். அவளுடைய தங்கை பொன்னி இரண்டாம் கிளாஸ். மற்ற மூன்று பேரும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்.

மெர்சி ஹிஸ்டரி குரூப் எடுத்திருந்தாள். ஒரு சாயங்காலம் அடுக்களையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை விரித்து வைத்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்கா, அமெரிக்கா என்று காதில் விழுந்தது.

"அமெரிக்காக்காரன் பட்ட பாட்டுக்கு நம்ம பிள்ள எதுக்குப் பரீட்ச எழுதணும்?" என்றாள் என் மனைவி.

"முக்கியமான மூணு விஷயம் இருக்கும்மா. நாளைக்கு டெஸ்ட்டு" என்றாள் மெர்சி.

ஹிஸ்டரி டீச்சர் மூன்று தலைப்பாகப் பிரித்து எழுதிப் போட்டிருந்தாராம். முதலாவது, மண்ணை இழந்தவர்கள். அங்கே ஆதியில் இருந்தவர்களை, பின்னால் வந்தவர்கள் துரத்தித் துரத்தி ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளியது. இரண்டாவது, பருத்தித் தோட்டத்து அடிமைகள். மூன்றாவது, அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள் சம உரிமை கேட்டுப் போராடியது.

அமெரிக்கா என்றால் உயர உயரக் கட்டிடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து ஆளைச் சங்கிலியில் பிணைத்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள், சந்தையில் நிறுத்திப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கினார்கள், தாயை ஒருவனும் பிள்ளையை இன்னொருவனும் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று அவள் படிக்கப் படிக்க எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. தோட்டம், மேஸ்திரி, விடியுமுன்னே ஆளைக் கூப்பிட்டு நிறுத்துவது என்று வந்தபோது தாங்க முடியாமல், "ஏட்டி, இது நம்ம கதைல்லா! உங்க பூட்டன் போடிமெட்டு வழியா நடந்து வந்து இந்தத் தேயிலைக்குள்ள கெடந்த கததான இது!" என்றேன்.

"அது அடிமை, அப்பா. இது கூலி. ரெண்டும் ஒண்ணுன்னு எழுதினா டீச்சர் மார்க்கக் கொறைப்பாங்க."

மார்க் குறைந்தாலும் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது. நாம் அடிபட்ட ஜாதி, கொழுந்து பறித்தவளின் மகன், நியாயம் நம் பக்கம் என்று மனசு நிறைந்திருந்தது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தலைப்பில் ஒரு பஸ் வந்தது. பஸ் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கறுப்பு ஜனங்கள் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் பின்வாசலில் போய் ஏற வேண்டுமாம். அதற்குள் சில டிரைவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். முன்சீட்டுகள் வெள்ளைக்காரருக்கு. காலியாகக் கிடந்தாலும் மற்றவர்கள் உட்காரக்கூடாது. ஒருநாள் வேலை முடிந்து வந்த ஒரு தையல்காரப் பெண்ணை எழுந்திருக்கச் சொன்னார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிக்கச் சொன்னது யாரு?"

"டிரைவர்தான்."

"எந்திரிக்கலன்னதும் என்ன செஞ்சான்?"

"போலீஸக் கூப்பிட்டாரு. அந்தம்மாவப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த ஊர்ல கறுப்பு ஜனங்க யாருமே பஸ்ல ஏறல. ஒரு வருஷத்துக்கு மேல நடந்தே வேலைக்குப் போனாங்க."

"சே! அவனெல்லாம் ஒரு டிரைவரா?" என்றேன். எச்சில் தட்டோடு எழுந்துவிட்டேன். "வண்டி ஓட்டுதவனுக்கு எல்லாரும் ஒரே பாரந்தானட்டி? அவன் பேரென்ன?"

"பேர் நோட்ல இல்லப்பா."

"இல்லாமப் போறதே நல்லது" என்றேன்.

மறுநாள் காலையில் வழக்கம் போலக் காலி வண்டியை மேலே கொண்டு போய்த் திருப்பி நிறுத்தினேன். ஐந்து பிள்ளைகளும் வந்தார்கள். வழக்கம் போலப் பின்னால் போய்ப் படுதாவைத் தூக்கி ஏறி, கடைசியில் இருக்கிற தகர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நானும் வண்டியை எடுத்தேன். அன்று காலையிலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் தட்டோடு எழுந்தவன்தான் நான்.

குவார்ட்டர்ஸில் அனு முன்சீட்டில் ஏறினாள். லயத்தில் மெர்சி நடுவரிசையில் ஏறியதும் பின்னால் திரும்பி மல்லிகாவுக்கு டெஸ்ட் வைக்க ஆரம்பித்தாள்.

"மூணாவது தலைப்பு என்னட்டி?"

மல்லிகா கடகடவென்று சொன்னாள். பஸ், முன்வாசல், பின்வாசல், காலி சீட்டு, எழுந்திருக்காத அம்மா. ஒன்று விடவில்லை. இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று எல்லாப் பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அனு என் பக்கத்திலிருந்து முட்டிபோட்டுத் திரும்பினாள். "மெர்சியக்கா, முன்னாடி சீட்டு காலியா இருந்தாலும் பின்னாடிதான் போணுமா?"

"ஆமா."

"மல்லிகாக்கா போற மாதிரியா?"

பகடியாகக் கேட்கவில்லை. குசும்பாகவும் கேட்கவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். இத்தனை நாளும் அந்தக் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று ஐந்து முகங்களைப் பார்த்தேன். படுதாவின் கிழிசல் வழியாக வந்த புழுதி அவர்கள் தலையில் மாவு தூவினது போலப் படிந்திருந்தது. பொன்னி குளிருக்கு அக்காவின் துண்டுக்குள் இருந்தாள். எட்டு வருஷமாக, ஒரு ஆளும் இல்லாத வண்டியில், மெத்தை வைத்த சீட்டெல்லாம் காலியாகக் கிடக்கும்போது, முதலில் ஏறுகிற பிள்ளைகள் கடைசியில் போய்த் தகரத்தில் உட்காருகிறார்கள். ஓட்டுகிறவன் நான்.

அப்போதுதான் கை நடுங்கியது. வண்டியைத் தேயிலையோரம் ஒதுக்கி நிறுத்தினேன்.

தம்பிமாரே, பதற்றத்தில் எடுக்கிற முடிவைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் அல்லவா? நான் எடுத்த முடிவைக் கேளுங்கள். கீழே குதித்தேன். முன்கதவைத் திறந்தேன்.

"அனு, எறங்கு. பின்னாடி போ. ஏட்டி மல்லிகா, நீ எறங்கி முன்னாடி வந்து உக்காரு."

அனு அழ ஆரம்பித்தாள். மல்லிகா அசையவில்லை.

"சொல்லுதேன்லா! எறங்கி முன்னாடி வா!"

மல்லிகா இறங்கினாள். பொன்னியைத் தூக்கி இறக்கினாள். மற்ற மூன்று பேரும் குதித்தார்கள். என்னைக் கடந்து, திறந்து கிடந்த கதவைக் கடந்து, ரோட்டோடு நடக்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். "மல்லிகா! ஏலே பிள்ளைகளா!" என்று கூப்பிட்டேன். ஒருத்தரும் திரும்பவில்லை.

மறுநாள் காலி வண்டியோடு மேலே போனேன். யாரும் இல்லை. ஹாரன் அடித்தேன். காட்டிலிருந்து எதிரொலிதான் வந்தது. அதற்கு மறுநாளும் இல்லை. காட்டுக்குள்ளே குறுக்குவழியில் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று ஃபாரஸ்ட் வாட்சர் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்த ஆத்துப் பக்கம் ஒத்தக் கொம்பன் ஆனை ஒரு வாரமா நிக்கிதாங்கும். பிள்ளைகள எதுக்கு நடக்க விட்டீரு?" என்று என்னைக் கேட்டார். அன்று மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பள்ளிக்கூட கேட்டிலேயே நின்றேன். பெல் அடித்துக் கால்மணி நேரம் கழித்து, முட்டி வரை சேறோடு ஐந்து பேரும் வந்தார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐந்து வந்ததும்தான் மூச்சு விட்டேன். பக்கத்தில் போவதற்குள் உள்ளே ஓடிவிட்டார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மல்லிகா பள்ளிக்கு வரவே இல்லை.

"அவங்க அப்பா போதும்னு சொல்லிட்டாராம். பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்கு" என்றாள் மெர்சி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் நல்லதுதானட்டி சொன்னேன்? முன்னாடி உக்காருன்னுதான சொன்னேன்?"

மெர்சி சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் குடிக்கு நடந்தேன். எட்டு வருஷமாக அந்த ரோட்டு முனையில் வண்டியைத் திருப்புகிறேன். அதற்கு மேலே ஒரு தடவைகூட ஏறியதில்லை. முக்கால் மணி நேர ஏற்றம். பொன்னி தினமும் இறங்கி ஏறுகிற ஏற்றம் அது.

மல்லிகாவின் அப்பா முற்றத்தில் ஏலக்காய் உலர்த்திக்கொண்டிருந்தார். "வாங்க டிரைவரே" என்றார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் மனைவி பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தார்.

"ஆனை நிக்கிது. பொட்டப் பிள்ளைய நடத்தி விட முடியாது. வண்டி வேணாம்னு அவ சொல்றா. அப்ப இருக்கட்டும், படிச்சது போதும்" என்றார் அவர்.

மல்லிகா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"என்னம்மா கோவம் உனக்கு? நான் உன்னை முன்னாடி உக்காரத்தான சொன்னேன்" என்றேன்.

"அங்க அந்த டிரைவர் எந்திரின்னு சொன்னாரு. நீங்க உக்காருன்னு சொன்னீங்க. ரெண்டு பேரும் எங்களக் கேக்கல" என்றாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மனுஷன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே முதலில் பார்க்கிறான்? "அது சரிம்மா. ஆனா பின்னாடி உக்காருங்கன்னு உங்கள யாரு சொன்னது? நீங்களாத்தான போய் உக்காந்தீங்க?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். மறந்துவிட்டதாக நடிக்கிறேனா, நிஜமாகவே மறந்துவிட்டேனா என்று பார்க்கிற பார்வை.

"நீங்கதான், டிரைவரண்ணே."

"நானா? எப்ப?"

"நான் மூணாம் கிளாஸ் சேந்த அன்னிக்கு. முதல் நாள் உங்க வண்டில ஏறினேன். நல்ல மழை. முன்னாடி உங்க பக்கத்துலதான் உக்காந்தேன். கால்ல நாலு அட்டை. சீட்டெல்லாம் ரத்தம் ஆயிருச்சு. புதுசா உறை தச்சுப் போட்டிருந்தீங்க. சிவப்பும் கறுப்பும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள்லாம் வெள்ளைச் சட்டையில வருவாங்க, நீங்க பின்னாடி தகரத்துல போய் உக்காருங்கன்னு சொன்னீங்க."

அந்த உறை எனக்கு ஞாபகம் வந்தது. சிவப்பும் கறுப்புமாக மூணாறில் தைத்தது. உறை ஞாபகம் இருந்தது, தம்பிமாரே. எட்டு வயசுப் பிள்ளையின் காலில் வழிந்த ரத்தம் ஞாபகம் இல்லை.

"மழை முடியுற வரைக்கும்னு சொன்னீங்க" என்றாள் மல்லிகா. "மழை முடிஞ்சப்ப நீங்க ஒண்ணும் சொல்லல."

நான் சாயா கிளாஸைக் கீழே வைத்தேன்.

எட்டு மழைக்காலம். ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்திருக்கிறது, வெயில் வந்திருக்கிறது, அந்த உறை கிழிந்து வேறு உறையும் போட்டாகிவிட்டது. ஒரு பிள்ளை காத்திருந்து பார்த்து, பிறகு காத்திருப்பதை விட்டு, பின்னால் வந்த தங்கைக்கும் அதுதான் நம் இடம் என்று காட்டிக்கொடுத்திருக்கிறது.

அப்போது மல்லிகாவின் அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார். "காலையில ஒண்ணும் திங்க மாட்டேங்குதுக. களி கிண்டி வச்சாலும் தொடாது. பின்னாடி குலுங்கினா வாந்தி வருமாம். வண்டில வாந்தி எடுத்தா டிரைவர் ஏசுவாருன்னு அஞ்சும் வெறும் வயித்தோடதான் போவுதுக."

அனு ஏன் முன்சீட்டில் உட்கார்ந்தாள் தெரியுமா? பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வாந்தி வரும் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். சரிக்கா என்று நான் இடம் வைத்துக் கொடுத்தேன். அதே வண்டியின் கடைசியில் ஐந்து பிள்ளைகள் வாந்திக்குப் பயந்து பட்டினியாக வந்துகொண்டிருந்தார்கள். மத்தியானம் பள்ளியில் சோறு போடும் வரை.

நான் எழுந்து நின்றேன். என்ன சொன்னேன் என்று வார்த்தை வார்த்தையாக நினைவில்லை. "தப்பு என்னுது. உங்க முன்னாடி ஒத்துக்கிடுதேன். பிள்ளையப் பரீட்சைக்கு அனுப்புங்க" என்று சொல்லியிருப்பேன்.

மல்லிகாவின் அப்பா ஏலக்காயைக் கையால் பரத்திக்கொண்டே, "வண்டி வரட்டும். ஏறுறதும் ஏறாததும் அவ இஷ்டம்" என்றார்.

"நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றாள் மல்லிகா. "அங்க உக்காரு இங்க உக்காருன்னு யாரையும் சொல்லக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். பதினாறு வயசுப் பிள்ளையிடம் அப்போதே இருபது வருஷம் ஓட்டியிருந்த டிரைவர் போட்ட ஒப்பந்தம் அது.

திங்கட்கிழமை வண்டியைத் திருப்பி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சருகில் காலடி கேட்டது. திரும்பவில்லை. நமக்கு வண்டியின் கனம் இடுப்பிலேயே தெரியும் அல்லவா? யார் எங்கே ஏறினார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடுவோம். வண்டி பின்னால் அழுந்தியது. ஒன்று, இரண்டு, ஐந்து. ஐந்தும் பின்னால்தான். பக்கத்து சீட்டு காலி. சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வண்டியை எடுத்தேன். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. ஆனால் வந்தார்கள். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை, முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. பின்னால் நாலு தடவைதான் அழுந்தியது. முன்கதவு கிரீச்சென்றது. பொன்னி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கணுக்காலில் ஒரு அட்டை, கொழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு காலையும் சீட்டில் படாமல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா சொல்லி வைத்திருக்கிறாள் போல.

ஞாயிறு முதலே டேஷ்போர்டில் உப்புப் பொட்டலம் வைத்திருந்தேன். எடுத்துத் தேய்த்தேன். அட்டை விழுந்தது. ரத்தம் சொட்டி உறையில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பரவியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பொன்னி காலைக் கீழே விட்டாள். நான் வண்டியை எடுத்தேன்.

ஆனால் கஷ்டமான இடம் அதற்குக் கீழே இருந்தது. குவார்ட்டர்ஸில் அனுவின் அம்மா முன்கதவைத் திறந்தார். பொன்னி உட்கார்ந்திருந்தாள்.

"என்னண்ணே இது? அனுவுக்குப் பின்னாடி ஒத்துக்கிடாதுன்னு தெரியாதா? இந்தப் பிள்ளைய எறங்கச் சொல்லுங்க."

எறங்கச் சொல்லுங்க. வண்டிக்குள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடியில் மல்லிகாவின் கண்ணும் தெரிந்தது. ஸ்டோர் கீப்பர் ஒரு வார்த்தை சொன்னால் எஸ்டேட்டில் எனக்குக் கிடைக்கிற மற்ற ஓட்டமெல்லாம் நிற்கும். அது எனக்கும் தெரியும், அந்த அக்காவுக்கும் தெரியும். பேர் இல்லாத அந்த அமெரிக்க டிரைவரை அந்த நிமிஷத்தில் நினைத்தேன். அவனுக்கும் இப்படித்தான் யாரோ ஒருவர் கதவுப் பக்கம் நின்றிருப்பார். அவனும் ஒரு வார்த்தைதான் சொன்னான். நானும் ஒரு காலத்தில் ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

"முதல்ல ஏறுன பிள்ள உக்காந்திருக்கு, அக்கா. எறங்கச் சொல்ல மாட்டேன். பின்னாடி இடம் இருக்கு. அனுக்குட்டி ஏறட்டும்."

"சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்க்கா."

அவர் அனுவைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கீழே லயத்தில் நடுவரிசையில் ஏறிய மெர்சிக்கு மல்லிகா என்ன சொன்னாளோ, அன்று சாயங்காலம் என் மகள் எனக்குத் தட்டில் சோறு போட்டாள். அந்த வாரத்தில் முதல்முறையாக.

அனு பத்து நாள் சித்தப்பாவின் காரில் போனாள். எனக்கு ஸ்டோர் ஓட்டம் நின்றது நின்றதுதான். பதினோராவது நாள் அவளே புத்தகப் பையோடு ரோட்டில் நின்றாள். "கார்ல யாருமே பேச மாட்டேங்கிறாங்க, போரடிக்கிது" என்று சொல்லி, பின்னால் மல்லிகாவுக்குப் பக்கத்தில் ஏறினாள். இரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுத்தாள். "ஏ, வெள்ளைச் சட்டை போச்சு!" என்று பொன்னி முன்னாலிருந்து கத்தினாள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். மல்லிகா தன் துண்டால் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு முன்சீட்டை யார் எந்த நாள் என்று பிள்ளைகளே முறை வைத்துக்கொண்டார்கள். நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. காலையில் களி தின்றுவிட்டு வருகிறார்கள் என்று மட்டும் பொன்னியின் வாயோரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தம்பிமாரே, மோசமான டிரைவர் என்றால் குடித்துவிட்டு ஓட்டுகிறவன் என்றுதான் நம்மிடம் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஒரு பிள்ளைக்கும் கீறல் விழாமல் ஓட்டினேன். ஒரே ஒரு மழைநாளில் அவசரத்துக்கு ஒரு உத்தரவு போட்டுவிட்டு அதை எடுக்க மறந்தேன். வண்டியில் நாம் சொல்வது பிள்ளைகளுக்குச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு முடிவு நாள் நம் மனசில் இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது தேடிப் பாருங்கள். தினமும் பார்க்கிற காட்சிதான் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

மல்லிகா பரீட்சை எழுதினாள். ஹிஸ்டரி அன்று சாயங்காலம் ரோட்டு முனையில் எல்லோரும் இறங்கிய பின் கடைசியாக அவள் நின்றாள்.

"டிரைவரண்ணே, அமெரிக்கா வந்துச்சு. மூணாவது தலைப்பு."

"எழுதினியாம்மா?"

"ரெண்டு பக்கம். டிரைவரப் பத்தியும் எழுதினேன்."

"எந்த டிரைவர?" என்றேன்.

அவள் சிரித்தாள். பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். அந்தத் தாளுக்கு நல்ல மார்க் வந்தது. இப்போது அவள் மூணாறில் டீச்சர் வேலைக்குப் படிக்கிறாள். லீவுக்கு வரும்போது, என் மகனே, உன் வண்டியில்தான் ஏறுகிறாள். எந்த டிரைவர் என்று நான் இன்னும் அவளிடம் இரண்டாம் முறை கேட்கவில்லை. நீயும் கேட்காதே.